பழைய கார் தாமதமாகக் கிளம்புகிறதா? பேட்டரியை மாற்றும் முன்

‘ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கிறது’ என்று சொல்லும்போது, இரண்டு வேறு நோய்களுக்கு ஒரே பெயரைச் சூட்டிவிடுகிறோம். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் முக்கி முனகி மெதுவாகச் சுழன்றால், கோளாறு பேட்டரி, கேபிள், எர்த் (இன்ஜினையும் உடலையும் பேட்டரியின் எதிர்மின் முனையோடு இணைக்கும் பட்டை), செல்ஃப் மோட்டார் ஆகியவற்றில் ஒன்றில் இருக்கும். வழக்கமான வேகத்தில் சுழன்றும் நாலைந்து வினாடி கழித்தே உயிர் வந்தால், பெட்ரோல், தீப்பொறி, சென்சார் ஆகியவற்றின் பக்கம் பார்க்க வேண்டும். காதால் இதைப் பிரித்தறியாமல் உதிரிப்பாகக் கடைக்கு ஓடுவதுதான் எல்லாவற்றிலும் செலவு வைக்கும் தவறு.

நானும் அதைச் செய்தவன்தான். தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் வாங்கிய கார் அங்கே ஒழுங்காகத்தான் கிளம்பியது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் உள்ள ஜோஹன்னஸ்பர்க்கிற்கு, லெனேசியாவில் உள்ள வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, ஜூலை மாதத்து உறைபனிக் காலையில் அது முனகத் தொடங்கியது. குளிரில் ஆயில் கெட்டியாகிறது, பேட்டரியின் வலுவும் குறைகிறது. எனவே டர்பனின் மிதமான குளிர்காலத்தில் மறைந்திருந்த சிறு குறைகூட இங்கே வெளிப்பட்டுவிடும். புதிய பேட்டரி போட்டேன். இரண்டு வாரத்தில் அதே முனகல். கடைசியில் கியர்பாக்ஸுக்கு அருகில் குனிந்து பார்த்தபோது, எர்த் பட்டையின் முனை பச்சைப் பாசி படர்ந்ததுபோல் களிம்பேறி, செம்பு இழைகள் விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தன. உப்புக் காற்றின் வேலை அது. வீட்டில் மல்ட்டிமீட்டர் இருந்தும், பேட்டரியின் எதிர்மின் (−) முனையில் ஒரு கம்பியையும் இன்ஜின் உலோகத்தில் மற்றொன்றையும் வைத்து, செல்ஃப் அடிக்கும்போது அளந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அந்த அளவு 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

அளக்கும் வேளையும் முக்கியம். ஓட்டி நிறுத்திய கையோடு பேட்டரியை அளந்தால் அது பொய் சொல்லும். ஓர் இரவு விட்டு அளக்க வேண்டும். 12.6 வோல்ட் என்றால் நிறைவு, 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்திருக்கலாம். மாறாக 11-க்கு மேல் நின்றும் இன்ஜின் சோம்பினால், கேபிள், எர்த் அல்லது செல்ஃப் மோட்டாரைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

வாங்கப் போகும்போது சூடான இன்ஜினைக் கேட்டு மயங்குவது அடுத்த தவறு. இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் வைக்கும்படி முன்கூட்டியே சொல்லிவைத்து, போனதும் பானெட்டின் மேல் கை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் மறுநாள் காலையில் வருவதாகச் சொல்லிவிடலாம். தனியாரிடம் ‘ஃபுட்ஸ்டூட்ஸ்’ என்ற நிபந்தனையோடு, அதாவது உள்ளது உள்ளபடியே, வாங்கினால், விற்றவர் தெரிந்தே மறைத்தார் என்று நிரூபித்தாலொழியப் பின்னால் கேட்பது கடினம்.

இந்நாட்டில் திருட்டுக்கு அஞ்சி முந்தைய உரிமையாளர் பொருத்திய டிராக்கரும் (கார் இருக்கும் இடத்தைக் காட்டும் கருவி) இம்மொபிலைசரும் (திருடர் ஸ்டார்ட் செய்ய முடியாமல் தடுக்கும் கருவி) பலருக்கு நினைவுக்கே வருவதில்லை. காரைப் பூட்டி அரைமணி நேரம் விட்ட பிறகும் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் மின்சாரம் கசிந்தால், அந்தக் கூடுதல் ஒயர்களிலிருந்தே தேடலைத் தொடங்கலாம். செல்ஃப் ஒயரை வெட்டி டேப் சுற்றி ஒட்டிய இணைப்புகள் இன்னும் மோசம்.

நன்றாகச் சுழன்றும் தாமதிக்கும் பெட்ரோல் காருக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. செல்ஃப் அடிக்காமல், சாவியை ‘ஆன்’ நிலைக்கு மூன்று முறை, முறைக்கு இரண்டு மூன்று வினாடி, கொண்டுவந்து அணைத்துவிட்டு, பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே கிளம்பினால், இரவில் எரிபொருள் அழுத்தம் இறங்கிவிடுகிறது என்று பொருள். பம்பின் வால்வையோ கசியும் இன்ஜெக்டரையோ சோதிக்கச் சொல்லுங்கள். டீசல் ‘பாக்கி’ (பிக்கப் வண்டி) என்றால், இன்ஜினை முன்கூட்டிச் சூடாக்கும் க்ளோ பிளக்கின் விளக்கு அணையும் வரை பொறுத்த பின்பே அதன் மீது குறை சொல்ல வேண்டும். எந்த வண்டியானாலும், ஒரே மூச்சில் பத்து வினாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காமல், அரை நிமிடமாவது ஆறவிட்டு மீண்டும் முயலுங்கள். இல்லையேல் தேடிக்கொண்டிருக்கும் கோளாறோடு எரிந்துபோன செல்ஃப் மோட்டார் ஒன்றும் சேர்ந்துகொள்ளும்.