ஒரே நாளில் பல பாப்-பங்க் குழுக்கள்: ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேகமும் எளிதில் மனதில் ஒட்டும் மெட்டும் கொண்ட ராக் இசைதான் பாப்-பங்க். லாஸ் வேகஸ் நகரில் நடக்கவிருந்த ‘வென் வி வேர் யங்’ இசை விழாவின் அறிவிப்பு 2022 ஜனவரியில் வெளியானபோது, மை கெமிக்கல் ரொமான்ஸ், பாராமோர் தொடங்கி அறுபதுக்கும் மேற்பட்ட குழுக்களின் பெயர்களை ஒரே சுவரொட்டியில் கண்ட பலர் இது நடக்கிற காரியமா என்று சந்தேகித்தார்கள். விழா நடந்தது. ஆனால் அறுபது குழுக்கள் ஒரே நாளில் பாடுவது வேறு, ஒரு ரசிகர் அவற்றையெல்லாம் கேட்பது வேறு. சுவரொட்டியைக் கால அட்டவணையாக எண்ணிக்கொள்வதுதான் முதல் தவறு.

இத்தகைய விழாக்களில் பல மேடைகள் ஒரே நேரத்தில் இயங்கும். சிறிய குழுக்களுக்கு அரை மணி நேரம் கிடைத்தாலே பெரிது. ஒவ்வொன்றிலும் இரண்டு பாடல்கள் கேட்டுவிட்டு அடுத்த மேடைக்கு ஓடுபவர், அன்றைய பொழுதில் பெரும்பகுதியைக் கூட்டத்துக்குள் நடந்தே கழித்துவிடுவார். தவறவிடவே கூடாத நான்கைந்து குழுக்களை முன்னதாகத் தேர்ந்துகொண்டு, மேடைக்கு மேடை நடக்க ஆகும் நேரத்தையும் கணக்கில் சேர்த்து, மீதியைப் போகிற போக்கில் கேட்பதே நல்லது. லாஸ் வேகஸில் இரு முதன்மை மேடைகளும் அருகருகே அமைந்து, ஒன்றில் பாட்டு முடிந்ததும் மற்றொன்றில் தொடங்கியதால், நடுவில் நின்றவர்கள் இடம் மாறாமலே இரண்டையும் பார்த்தார்கள்; எதற்கும் நெருக்கமாக நிற்க முடியவில்லை என்பதே அதற்கான விலை.

தாமதமாக வருவது இதைவிடப் பெரிய தவறு. 1995 முதல் அமெரிக்க நகரங்களைச் சுற்றிவந்த வார்ப்ட் டூர் என்ற ஊர் ஊராகச் செல்லும் இசை விழாவில் யார் எப்போது பாடுவார்கள் என்பது அன்று காலையில்தான் தெரியவரும். புகழ்பெற்ற குழு நண்பகல் வெயிலிலேயே பாடி முடித்துவிடுவதும் உண்டு. (பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோர் இளைப்பாற அங்கே தனிக் கூடாரமே போட்டிருந்தார்கள் என்பது இந்த இசையின் ரசிகர்களுடைய வயதை நன்றாகவே காட்டுகிறது.) நான்கு குழுக்கள் பாடும் சாதாரண அரங்க நிகழ்ச்சியிலும் முதல் குழுவைப் பாதி அரங்கம் தவறவிடுகிறது. 2005இல் வார்ப்ட் டூரின் ஒரு சிறு மேடையில் பாடிய பாராமோர்தான் 2022இல் லாஸ் வேகஸின் தலைமைக் குழுக்களுள் ஒன்றாக நின்றது என்பதை நினைத்தால், முதலில் பாடுபவர்களை அலட்சியப்படுத்த மனம் வராது.

வானிலையை மறந்து பயணம் திட்டமிடுவதும் பலரைப் பாதித்திருக்கிறது. 2022 அக்டோபர் 22 அன்று பலத்த காற்றால் ‘வென் வி வேர் யங்’ விழாவின் முதல் நாளே ரத்தானது. டிக்கெட் பணத்தைத் திருப்பித் தந்தாலும், விமானத்துக்கும் விடுதிக்கும் செலவழித்ததை யார் தருவார்கள்? அன்று மாலையே சில குழுக்கள் நகரின் சிறிய அரங்குகளில் திடீரென்று பாடின. குழுக்களின் சமூக ஊடகப் பக்கங்களைக் கவனித்துக்கொண்டிருந்தவர்களுக்கே அந்த வாய்ப்பு முதலில் தெரிந்திருக்கும்.

காதுகளைப் பற்றி இளைஞர்கள் கவலைப்படுவதே இல்லை. 100 டெசிபல் ஒலியை ஏறத்தாழ 15 நிமிடங்களுக்கு மேல் பாதுகாப்பின்றிக் கேட்பது ஆபத்து என்பது அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை. நாள் முழுவதும் ஒலிபெருக்கிக்கு அருகில் நிற்பவரின் நிலையை இதிலிருந்தே ஊகிக்கலாம். நுரையாலான காது அடைப்பான்களைப் பலர் காதின் வாயிலில் செருகிவிட்டு, பயனில்லை என்று எறிந்துவிடுகிறார்கள். அதை விரல்களால் மெல்லிய திரிபோல உருட்டி, மறு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே நுழைத்து, அது விரிந்து நிறையும்வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். பாடல் வரிகளும் தெளிவாகக் கேட்க வேண்டுமென்றால், இசை நிகழ்ச்சிகளுக்கென்றே விற்கப்படும் வடிகட்டி அடைப்பான்கள் மேல். ஒலிக்கலவை செய்பவரின் மேசைக்கு அருகில் நின்றால் கூடுதல் தெளிவு கிடைக்கும்.

மோஷ் பிட் எனப்படும் இடிபாட்டு வட்டத்துக்குள் விவரம் தெரியாமல் நுழைவதும் தவறு, அதைக் கலவரம் என்று எண்ணி அஞ்சுவதும் தவறு. விழுந்தவரை உடனே தூக்கிவிடுவது அங்கே எழுதப்படாத சட்டம். யாரோ தவறவிட்ட காலணியை ஒருவர் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தபடி நிற்க, உரியவர் வந்து வாங்கிச் செல்வதும் சாதாரணக் காட்சி. கூரிய முட்கள் பதித்த பெல்ட்டும் தளர்ந்த காலணிக் கயிறும்தான் அங்கே ஆகாதவை. இடிபட விரும்பாதவர் ஓரமாக நிற்கலாம். வட்டத்தின் விளிம்பில் நின்றுகொண்டு, மேலே விழுபவர்களைக் கோபமாகத் தள்ளுவதில் அர்த்தமில்லை.

குழுக்களின் பெயர் பொறித்த டி-ஷர்ட் வாங்குவதைக் கடைசிவரை தள்ளிப்போட்டால் அளவு கிடைக்காது. முதலிலேயே வாங்கினால் நாள் முழுவதும் சுமக்க வேண்டும். இடுப்பில் கட்டிக்கொள்வதே பலரும் காணும் தீர்வு. பல அரங்குகள் இந்த விற்பனையிலும் தமக்கொரு பங்கு எடுத்துக்கொள்கின்றன என்றாலும், சிறிய குழுக்களுக்குப் பெட்ரோல் செலவை ஈடுகட்டுவது பெரும்பாலும் இந்த விற்பனை மேசைதான்; பாடி முடித்த கையோடு அவர்களே வந்து நின்று விற்பதும் உண்டு.