எல்ஜின் பிரபு என்றால் எந்த எல்ஜின்?

ஏதென்ஸில் பார்த்தினான் கோயில் சிற்பங்களைப் பெயர்த்துக் கொண்டுபோன எல்ஜின் பிரபுதான் பிறகு இந்தியாவின் வைஸ்ராயாக வந்தார் என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். தவறு. எல்ஜின் என்பது ஆளின் பெயர் இல்லை, பட்டம். ஸ்காட்லாந்தின் புரூஸ் குடும்பத்தில் அப்பாவுக்குப் பிறகு மகனுக்கு வருவது. எத்தனையாவது ஏர்ல் (பிரிட்டிஷ் பிரபுப் பட்டங்களில் ஒரு படி) என்று பார்க்காமல் எழுதவே கூடாது.

சிற்பங்களை எடுத்தவர் தாமஸ், 7ஆவது ஏர்ல்; ஒட்டோமான் பேரரசில் பிரிட்டிஷ் தூதராக இருந்தவர். 1816இல் அவற்றை 35,000 பவுண்டுக்குத் தன் அரசுக்கே விற்றார். போட்ட காசில் பாதிகூடத் தேறவில்லை. கடன் மகன் ஜேம்ஸ் தலையில் விழுந்தது.

ஜேம்ஸ் 8ஆவது ஏர்ல். நம் போட்டித் தேர்வுக் குறிப்புகளில் இவர்தான் 'முதலாம் எல்ஜின்' (1862-63). இவர் மகன் விக்டர் 'இரண்டாம் எல்ஜின்' (1894-99). அது வைஸ்ராய்களைப் பிரித்துக்காட்ட வைத்த எண். அதைப் பார்த்து 'முதல் ஏர்ல்' என்று எழுதினால் இரு நூற்றாண்டுக்கும் மேல் பின்னால் போய்விடுவீர்கள். முதல் ஏர்லுக்குப் பட்டம் கிடைத்தது 1633இல்.

ஜேம்ஸை ஒரே ஊரிலிருந்து பார்த்து எடைபோடுவதுதான் எனக்கு அதிகம் வருத்தம் தரும் தவறு. கனடாவின் கவர்னர் ஜெனரலாக இருந்தபோது, 1837-38 கலகத்தில் சொத்து இழந்தவர்களுக்கு இழப்பீடு தரும் மசோதா அவரிடம் வந்தது. பெரும்பான்மை பெற்ற அமைச்சரவை கேட்கிறது, மறுக்கக் கூடாது என்று 1849 ஏப்ரல் 25 அன்று ஒப்புதல் தந்தார். வெளியே வந்த அவர் வண்டிமேல் முட்டைகள் பறந்தன. அன்றிரவே மசோதாவை எதிர்த்தவர்கள் மொன்ட்ரியால் நாடாளுமன்றக் கட்டடத்துக்குத் தீ வைத்தார்கள். மூன்று வாரம் கழித்து அதே ஊரில் விக்டர் பிறந்தார்.

கனடாவில் இதற்காக அவரைக் கொண்டாடுகிறார்கள். சரி, சீனாவில்? அங்கே நடந்த இரண்டாம் அபினிப் போரில் பிரிட்டிஷ் தூதராகப் போயிருந்தார். 1860 அக்டோபரில், பிடிபட்ட தன் தரப்பினர் சிலர் சித்திரவதையில் இறந்ததற்குப் பதிலடியாக, பெய்ஜிங் அருகே யுவான்மிங்யுவான் அரண்மனையை எரிக்க உத்தரவிட்டவரும் இவரே. ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டால் அது பாதி வரலாறுதான்.

அப்புறம், ஊர்க் குழப்பம். எல்ஜின் நகரம் ஸ்காட்லாந்தின் வடக்கே மோரேயில் இருக்கிறது. குடும்பத்தின் புரூம்ஹால் மாளிகையோ தெற்கே ஃபைஃபில், டன்ஃபர்ம்லின் பக்கம். ஜேம்ஸின் கல்லறை இரண்டு இடத்திலும் இல்லை. வைஸ்ராய் பதவியிலேயே 1863 நவம்பர் 20 அன்று தர்மசாலாவில் இறந்து, அங்குள்ள தேவாலய வளாகத்திலேயே அடக்கமானார்.