சிங்கமீன் வளர்க்க ஆசையா? முதலில் ஒரு மாதம் வெறும் தொட்டியை வளர்த்துப் பழகுங்கள்

களியக்காவிளையிலிருந்து விழிஞ்ஞம் கடல்மீன் காட்சியகம் ஒரு காலைப்பொழுதில் போய்வரும் தூரம். போய்வந்த உறவினர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் சிங்கமீனைப் பற்றித்தான். செம்பழுப்பும் வெள்ளையுமாக வரிகள், விசிறிபோல் விரியும் செட்டைகள். ஆசை வராமல் இருக்குமா?

தொட்டி: இம்மீன் 38 செ.மீ. வரை வளரும். 450 லிட்டராவது வேண்டும். இடமில்லாதவர்கள் குட்டை இனத்தை வாங்கலாம். அதற்கு 200 லிட்டர் போதும்.

தண்ணீர்: கடல் அருகில்தானே என்று கேனில் அள்ளி வராதீர்கள், ஆனி, ஆடியில் அது வெறும் கலங்கல். ஆர்.ஓ. நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கடல்மீன் தொட்டிக்கான உப்புக் கலவையைக் கரைத்து, ஒப்படர்த்தி (நன்னீரைப்போல் எத்தனை மடங்கு அடர்த்தி என்ற அளவு) 1.025 வருமாறு பாருங்கள். சமையல் உப்பு ஆகாது. கடலிலிருந்து பவளக்கல் எடுத்து வருவதும் கூடாது, அது சட்டப்படி குற்றம்.

காத்திருப்பு: ஃபில்டரை ஓடவிட்டு ஓர் இறால் துண்டைப் போடுங்கள். அது அழுகி அம்மோனியா உண்டாகும். பாக்டீரியாக்கள் பெருகி அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். இதற்கு நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். சோதனையில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகே மீன். ஒன்றும் ஆகாது என்று கடைக்காரர் சொன்னதை நம்பி, நான் பத்தாம் நாளே மீன் வாங்கினேன். வாங்கிய நான்காம் நாள் அதை வாழைக்கடியில் புதைத்தேன்.

வெப்பம்: 24 முதல் 27 டிகிரி நல்லது. சித்திரை வெயிலில் நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறி வைக்கலாம். அப்போது நீர் ஆவியாகும், உப்பு ஆகாது. ஆகவே குறைந்த அளவுக்கு உப்பில்லாத நீரையே ஊற்றுங்கள்.

உணவு: அசையாததை இது இரையாக நினைப்பதில்லை. உயிருள்ள சிறு இறாலில் தொடங்கி, பிறகு இறால், கணவாய்த் துண்டுகளை நீண்ட இடுக்கியில் ஆட்டிக் காட்டிப் பழக்குங்கள். வளர்ந்த மீனுக்கு வாரம் இரண்டு மூன்று முறை போதும். கப்பி போன்ற நன்னீர் மீன்களையே வழக்கமாகக் கொடுத்தால் உடல் கெடும். வாயில் அடங்கும் மீனைத் துணைக்கு விட்டால், அதுவும் உணவுக் கணக்கில்தான் சேரும்.

முள்: முதுகில் 13, வயிற்றுச் செட்டைகளில் 2, குதச் செட்டையில் 3 என நச்சு முட்கள் 18. எல்லோரும் பயப்படும் விசிறிச் செட்டையில் நஞ்சில்லை. குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய சூடுள்ள நீரில், 45 டிகிரியைத் தாண்டாமல், அரைமணி முதல் ஒன்றரை மணி நேரம் கையை வையுங்கள். புரத நஞ்சு சூட்டில் சிதையும். சூட்டைக் குத்துப்படாத கையால் பாருங்கள், வலிக்கும் கைக்குச் சூடு தெரியாது. பிறகு மருத்துவரிடம் செல்லுங்கள். மூச்சுத்திணறினால் உடனே புறப்படுங்கள். நான் தொட்டி கழுவும் நாளில் என் மனைவி ஃபிளாஸ்க்கில் வெந்நீர் நிரப்பி அருகில் வைத்துவிடுவார். இதுவரை அது கட்டன்சாயாவுக்குத்தான் பயன்பட்டிருக்கிறது.