லேப்டாப் பிராசஸரின் எண்ணை எப்படிப் படிப்பது?

கடிதம் தட்டச்சு செய்ய, மின்கட்டணம் கட்ட, வீடியோ பார்க்க, வெளியூரில் இருக்கும் பிள்ளைகளோடு முகம் பார்த்துப் பேச லேப்டாப் வேண்டும் என்றால் ஐ7, ரைசன் 7 போன்ற பிராசஸர் (லேப்டாப்பின் மூளையான சிப்) வரை போகத் தேவையே இல்லை. ஆனால் எந்த ஐ3, எந்த ஐ5 என்பதைப் பார்த்தே ஆக வேண்டும். என் அக்கா ஒரு கடையில் ‘ஐ5’ என்ற ஒரு சொல்லை நம்பிப் பழைய லேப்டாப் ஒன்றை வாங்கி வந்தார். திறந்து பார்த்தால் ஐ5-6200யு. 2015-இல் வந்தது, இரண்டே கோர் (பிராசஸருக்குள் வேலை செய்யும் தனித்தனிப் பகுதி). எனக்கு மனசே ஆறவில்லை.

படி 1: முழு எண்ணைப் பாருங்கள்

மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் போதாது. கடையிலேயே லேப்டாப்பை ஆன் செய்யச் சொல்லி, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போனால், சிபியு (பிராசஸர்) படத்துக்கு மேலே வலது ஓரத்தில் முழுப் பெயரும் இருக்கும். குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: இன்டெல் (ஐ3, ஐ5) என்றால்

எண் 1-இல் தொடங்கினால் முதல் இரண்டு இலக்கமும், இல்லாவிட்டால் முதல் இலக்கம் மட்டும் தலைமுறையைச் சொல்லும். ஐ3-1215யு பன்னிரண்டாம் தலைமுறை; 6 கோர். அக்காவின் ஐ5-ஐவிட இந்த ஐ3 பல மடங்கு மேல். விண்டோஸ் 11-க்குப் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், பழைய லேப்டாப் வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். செலரான் என்4020 போன்ற இரண்டு கோர் பிராசஸர், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

படி 3: ஏஎம்டி (ரைசன்) என்றால்

பலரும் ஏமாறுவது இங்கேதான். ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பைச் சொல்கிறது. 2 என்றால் ஜென் 2, 3 என்றால் அதைவிடப் புதிய ஜென் 3. 7520யு-இல் 4 கோர், 7530யு-இல் 6. நம்முடைய அன்றாட வேலைக்கு 7520யு தாராளமாகப் போதும். 7530யு விலையை அதற்குக் கொடுத்துவிடாதீர்கள்.

படி 4: கடைசி எழுத்து

‘யு’ இருந்தால் நல்லது. ‘எச்’ விளையாட்டுக்கும் வீடியோ எடிட்டிங்குக்கும் உரியது; சூடும் அதிகம், பேட்டரியும் சீக்கிரம் தீரும்.

படி 5: மிச்சப்பட்ட பணம்

அதை ரேமில் (வேலை நடக்கும்போது பயன்படும் தற்காலிக நினைவகம்) போடுங்கள். 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் (கோப்புகளைச் சேமிக்கும் வேகமான டிரைவ்) இல்லாத லேப்டாப்பில் எந்த பிராசஸர் இருந்தும் பயனில்லை. 7520யு, 7320யு உள்ள லேப்டாப்களில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். பிறகு கூட்ட முடியாது, வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.