தொங்கிய மார்பைத் தூக்கும் அறுவை: எது உங்களுக்குப் பொருந்தும்?

டாக்டரைப் பார்க்கும் முன் கண்ணாடி முன்னால் நில்லுங்கள். பிரா வேண்டாம். மார்புக்கு அடியில் விழும் மடிப்பில் ஓர் அடிக்கோலைப் படுக்கையாக வைத்துக் காம்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கோலின் மட்டத்திலேயே என்றால் லேசான தளர்வு, அதற்குக் கீழே இறங்கியிருந்தால் நடுத்தரம், மார்பின் அடி விளிம்பில் தரையைப் பார்த்தபடி இருந்தால் அதிகம். எந்த அறுவை என்பதைப் பெரும்பாலும் இந்த இறக்கம்தான் தீர்மானிக்கிறது.

லேசானதற்குக் கருவட்டத்தைச் சுற்றி மட்டும் வெட்டினால் போதும். தழும்பு குறைவு என்பதால் எல்லோரும் இதைத்தான் கேட்கிறோம். என் அக்காவும் கேட்டார், ஒரு கிளினிக்கில் சரி என்று செய்துவிட்டார்கள், ஆனால் அவருக்கு இறக்கம் அதிகம், ஒரே வருஷத்தில் கருவட்டம் இழுபட்டு விரிந்து மார்பு தட்டையாகிவிட்டது. அவருக்குத் தேவைப்பட்டது நங்கூர வடிவம்: வட்டம், அதிலிருந்து கீழே ஒரு கோடு, மடிப்போரமாக இன்னொரு கோடு. நடுத்தரத்துக்கு அந்த மடிப்புக் கோடு இல்லாத லாலிபாப் வெட்டு.

மேல் பக்கம் நிறைவாக வேண்டுமென்றால் தூக்குவது மட்டும் போதாது, இம்ப்ளாண்ட்டும் (மார்புக்குள் வைக்கும் செயற்கைப் பை) சேர்ப்பார்கள். ஆனால் நிறைய தொங்கிய மார்பில் இம்ப்ளாண்ட்டை மட்டும் வைத்தால் அதன் பாரமே கீழே இழுக்கும்.

இன்னும் பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் பொறுங்கள். பால் நிறுத்தியும் 3 முதல் 6 மாதமாவது போகட்டும். சிகரெட்டை 4 வாரத்துக்கு முன்பே நிறுத்தியாக வேண்டும், இல்லையென்றால் இரத்த ஓட்டம் குறைந்து காம்பே கெட்டுப்போகலாம். காது குத்திய இடத்தில் எப்போதாவது தழும்பு தடித்து வளர்ந்ததா? கட்டாயம் சொல்லுங்கள், நம் தோலுக்குக் கெலாய்டு எளிதில் வரும். அறுவைக்குப் பின் காம்பில் உணர்ச்சி குறையலாம், பால் கொடுப்பதும் பாதிக்கப்படலாம்.

சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் இணையதளத்தில் பெயரைத் தேடி, அவர் பிளாஸ்டிக் சர்ஜரி நிபுணராகப் பதிவானவர்தானா என்று பாருங்கள். அழகுக்காகச் செய்வதற்கு மெடிசேவ் (மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கு) கிடையாது, ஆகவே மயக்க மருந்து, அறுவை அறை எல்லாம் சேர்த்து மொத்தப் பில்லைக் கேளுங்கள். வயது 40 தாண்டியிருந்தால் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) முதலில்.

அறுவைக்கு அப்புறம் சில வாரங்களுக்குக் குழந்தையைத் தூக்கக்கூடாது, எம்ஆர்டி ரயிலில் மேல் கைப்பிடியை எட்டிப் பிடிக்கவும் கூடாது.

அறுவை நாளில் படுக்கவைக்கும் முன் உங்களை நிற்கவைத்துப் பேனாவால் கோடு போடுவார்கள், படுத்தால் மார்பு பக்கவாட்டில் சரிந்துவிடும் அல்லவா. காம்பு எந்தப் புள்ளிக்கு வரும் என்று அப்போதே கேட்டு, கண்ணாடியில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.