அப்பா அம்மாவைக் கப்பலில் கூட்டிப்போவதென்றால்

வயதான பெற்றோரோடு வெளிநாட்டுச் சுற்றுலா போனவர்களுக்குத் தெரியும், பாதி நேரம் பெட்டி கட்டுவதிலும் அவிழ்ப்பதிலும் போய்விடும். மூன்று ஊர் என்றால் மூன்று ஹோட்டல், மூன்று கட்டில், மூன்று குளியலறை. ஒவ்வொன்றிலும் மாத்திரை டப்பாவை முதலிலிருந்து தேட வேண்டும். கப்பலில் இந்தத் தொல்லை இல்லை, அறையே கூட வருகிறது. அதனால்தான், முழங்கால் வலிக்கார அப்பாவையும் முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடாத அம்மாவையும் வைத்துக்கொண்டு எங்கே போவது என்று யாராவது கேட்டால், சிங்கப்பூர், பினாங்கு, புக்கெட் என்று சுற்றிவரும் நான்கு இரவுக் கப்பலைச் சொல்கிறேன். நான் இருப்பது சிங்கப்பூரில். அப்பா அம்மா தஞ்சாவூரிலிருந்து வருவார்கள். இங்கே எழுதுவதெல்லாம் அந்தக் கணக்கில்தான்.

சென்னையிலிருந்தே ஏறலாமே என்பீர்கள். ஏறலாம், 2022 ஜூனில் கார்டீலியா என்ற சுற்றுலாக் கப்பல் அங்கிருந்து புறப்பட ஆரம்பித்தது. ஆனால் வங்காள விரிகுடா திறந்த கடல், ஐப்பசி கார்த்திகையில் அதை நம்ப முடியாது. சிங்கப்பூர்க் கப்பல் போகும் மலாக்கா நீரிணைக்கு ஒரு பக்கம் சுமத்ரா, இன்னொரு பக்கம் மலாய் தீபகற்பம். பெரிய அலை எழ இடமே கிடையாது. முதல்முறை கப்பல் ஏறும் பெரியவர்களுக்கு அதுதான் நல்லது. நவம்பரிலிருந்து ஏப்ரலுக்குள் வைத்துக்கொண்டால் புக்கெட் பக்கமும் கடல் அடங்கியிருக்கும்.

முதலில் காகிதம்

பலர் கோட்டை விடுவது இதில்தான். இந்தியக் கடவுச்சீட்டோடு சிங்கப்பூர் வந்தவர், கப்பலில் ஏறியதும் சிங்கப்பூரை விட்டு வெளியேறியவர் ஆகிவிடுகிறார். திரும்பி வரும்போது அது புது நுழைவு. எனவே விசா ‘மல்டிபிள் என்ட்ரி’ வகையா என்று பாருங்கள். ஒரே ஒரு நுழைவுக்கான விசா என்றால் கப்பலில் ஏறவே விடமாட்டார்கள். மலேசியாவும் தாய்லாந்தும் 2023 கடைசியிலிருந்து இந்தியர்களுக்கு விசா விலக்கு கொடுத்தன. இது எப்போது வேண்டுமானாலும் மாறக்கூடிய சலுகை. ஆகவே பணம் கட்டும் முன் ஒருமுறை, கிளம்பும் முன் ஒருமுறை அரசுத் தளத்தில் பார்த்துவிடுங்கள். கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும்.

இன்னொரு சிக்கல் சிங்கப்பூர் வருகை அட்டை. வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள்தான் அதை இணையத்தில் நிரப்ப முடியும். நான்கு இரவுப் பயணத்தில் ஏறும் நாளன்று அந்தக் கதவு திறந்திருக்காது. மூன்றாம் நாள்தான் திறக்கும். கப்பலின் வைஃபைக்குத் தனிக் கட்டணம். அதனால் மூன்றாம் நாளிலோ அதற்குப் பிறகோ எந்தத் துறைமுகத்தில் கரை இறங்குகிறீர்களோ, அங்கே கைப்பேசியில் சிக்னல் கிடைத்ததும் முதல் வேலையாக அதை முடித்துவிடுங்கள். கடவுச்சீட்டு விவரங்களைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்திருப்பது இங்கே உதவும், சில பயணங்களில் கடவுச்சீட்டைக் கப்பல்காரர்களே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

பயணக் காப்பீடு எடுக்காமல் பெரியவர்களை ஏற்றாதீர்கள். கப்பலில் மருத்துவர் இருப்பார், பில்லும் வரும், அதுவும் டாலரில். நடுக்கடலிலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவும் அதில் அடங்குகிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய் எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் பிறகு பணம் வராது.

எந்த அறை

விளம்பரத்தில் போடும் விலை இருவர் தங்கும் அறையில் ஓர் ஆளுக்கு, அதுவும் ஜன்னலே இல்லாத உள்ளறைக்கு. துறைமுகக் கட்டணம் தனி. பல கப்பல்களில் ஊழியர்களுக்கான டிப்ஸ் ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 முதல் 20 அமெரிக்க டாலர் வரை தானாகக் கணக்கில் ஏறும். நான்கு பேர், நான்கு இரவு என்று பெருக்கிப் பார்த்துவிட்டே முடிவெடுங்கள்.

எங்கள் வழக்கம் இது: அப்பா அம்மாவுக்குப் பால்கனி அறை, அதற்கு எதிரில் எங்களுக்கு மலிவான உள்ளறை. இரண்டுக்கும் நடுவில் ஒரு நடைபாதைதான். எங்களுக்கு அறை தூங்க மட்டும். அவர்கள்தான் விடியற்காலை நாலரைக்கு எழுந்து உட்காருகிறவர்கள். உள்ளறையில் விளக்கை அணைத்தால் கண்ணுக்கு எதுவும் தெரியாது, பகலா இரவா என்றே புரியாது. பெரியவர்களை அதில் போடுவதாக இருந்தால் ஒரு சின்ன இரவு விளக்காவது கொண்டுபோங்கள். காலைக் காபிக்கு நாங்கள் எல்லோரும் அந்தப் பால்கனியில்தான் கூடுவோம், ஆகவே கொடுத்த காசு நான்கு பேருக்கும் பயன்படுகிறது.

அறை கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் இருந்தால் ஆட்டம் குறைவு. லிஃப்டுக்குப் பக்கத்தில் வேண்டும், ஆனால் லிஃப்ட் வாசலிலேயே வேண்டாம். தள வரைபடம் கம்பெனியின் தளத்தில் இருக்கும். அறைக்கு நேர் மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள். நீச்சல்குளத் தளம் என்றால் அதிகாலையில் நாற்காலி இழுக்கும் சத்தம், நடன அரங்கு என்றால் நள்ளிரவு வரை டம் டம். மேலும் கீழும் அறைகளே இருந்தால் நிம்மதி.

குளியலறை வாசலில் ஒரு படி இருக்கும், தண்ணீர் வெளியே வராமலிருக்க. ராத்திரி எழும் பெரியவர்கள் இடறுவது அங்கேதான். சக்கர நாற்காலிக்காரர்களுக்கான அறைகளில் அந்தப் படி இருக்காது, இடமும் தாராளம். ஆனால் எண்ணிக்கை குறைவு, சீக்கிரம் போய்விடும். துறைமுகத்தில் ஏற இறங்க நாற்காலி தருவார்கள். கப்பலுக்குள் நாள் முழுக்க வேண்டுமென்றால் நீங்களே கொண்டுபோக வேண்டும், அல்லது முன்கூட்டியே வாடகைக்குச் சொல்ல வேண்டும்.

கூச்சப்படாமல் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான கப்பல்களில் கழிவறையில் காகிதம்தான், தண்ணீர்க் குழாய் இல்லை. ஒரு பிளாஸ்டிக் குவளை பெட்டியில் போட்டால் அம்மாவின் நான்கு நாளும் நன்றாக இருக்கும்.

பெட்டியில் எது, கைப்பையில் எது

பெரிய பெட்டியைத் துறைமுகத்தில் வாங்கிக்கொள்வார்கள், அது அறை வாசலுக்கு வந்துசேரச் சாயங்காலம்கூட ஆகலாம். எனவே மருந்து, மாற்றுத் துணி, கண்ணாடி, கடவுச்சீட்டு எல்லாம் கைப்பையில். மருந்துச்சீட்டில் பிராண்ட் பெயரோடு மருந்தின் மூலப்பெயரும் இருக்கட்டும். இந்திய மாத்திரையின் கடைப்பெயரை வைத்துக்கொண்டு கப்பல் மருத்துவர் என்ன செய்வார்? இன்சுலின் போடுகிறவர்கள் அறையிலுள்ள சின்னக் குளிர்பெட்டியை நம்ப வேண்டாம், பல கப்பல்களில் அது குளிர்பானத்துக்கு மட்டுமே போதுமான குளிர். முன்பே சொன்னால் ஏற்பாடு செய்வார்கள், பயன்படுத்திய ஊசியைப் போட டப்பாவும் தருவார்கள்.

கொண்டுபோகக் கூடாதவை: இஸ்திரிப் பெட்டி, மின்கெட்டில், ரைஸ் குக்கர், மெழுகுவர்த்தி. ஊதுபத்தி, கற்பூரம், விளக்கு ஏற்றுவது எதுவும் நடக்காது. கடலில் தீயைவிடப் பெரிய பயம் கிடையாது. சாயங்காலம் விளக்கேற்றாமல் அம்மாவால் இருக்க முடியாது என்பதால் பேட்டரி அகல் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். முதல் நாள் முகம் சுளித்தார், அப்புறம் அதற்கே குங்குமம் வைத்துவிட்டார்.

வீட்டில் செய்த புளியோதரை, தயிர்சாதம் ஏற்ற விடமாட்டார்கள். கடையில் சீல் வைத்த முறுக்கு, ஊறுகாய்ப் பாக்கெட் பொதுவாகப் பரவாயில்லை. அதேபோல் கப்பலிலிருந்து பழம், சாப்பாடு எதையும் கரைக்கு எடுத்துப்போகக் கூடாது. உணவுமேசையில் வாழைப்பழம் எடுத்து முந்தானையில் முடிந்துகொள்ளும் பெரியவர்களிடம் இதை முன்பே சொல்லி வையுங்கள்.

ஸ்வெட்டரும் காலுறையும் கட்டாயம். வெளியே வெயில் கொளுத்தினாலும் நாடக அரங்கில் ஏசி எலும்பைத் துளைக்கும். நன்றாக உடுத்தும் இரவு ஒன்று இருக்கும்; அதற்கு கோட்டு சூட்டுத் தேடி அலைய வேண்டாம், பட்டுப்புடவையும் வேட்டியும் தாராளமாகச் செல்லும். ஆனால் வேட்டியோடு மேல்தளத்துக்குப் போகாதீர்கள். அங்கே அடிக்கும் காற்றில் இரண்டு கை போதாது.

ஏறிய நாள்

சிங்கப்பூரில் இரண்டு முனையங்கள்: 2012-ல் திறந்த மரினா பே க்ரூஸ் சென்டர் ஒன்று, ஹார்பர்ஃப்ரண்டில் இருப்பது மற்றொன்று. டிக்கெட்டில் எது என்று பார்த்துவிட்டு டாக்சி ஏறுங்கள்.

ஏறியதும் எல்லோரும் உணவுமேசைக்கு ஓடுவார்கள். நீங்கள் முதலில் அவசரகாலப் பயிற்சியை முடியுங்கள். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்தபோது, அன்று ஏறியவர்களில் பலருக்கு அந்தப் பயிற்சி நடந்திருக்கவில்லை. அதன் பிறகுதான் புறப்படும்போதே பயிற்சி என்பது கட்டாயமானது. ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி கேட்டால் உங்கள் கூடுமிடத்துக்குப் போக வேண்டும். அந்த இடத்தைப் பெற்றோருக்குக் காட்டும்போது லிஃப்டில் போகாமல் படிக்கட்டு வழியைக் காட்டுங்கள். ஆபத்து நேரத்தில் லிஃப்ட் ஓடாது.

அப்புறம் சாப்பாடு. பதிவு செய்யும்போதே ‘இந்திய சைவம், முட்டை இல்லை’ என்று எழுதியிருப்பீர்கள். எழுதியது சமையலறை வரை போயிருக்கும் என்று நினைத்துக்கொள்ளாமல், முதல் இரவே உணவறைத் தலைமைப் பணியாளரிடம் நேரில் சொல்லுங்கள். மறுநாள் இரவுக்கு என்ன வேண்டும் என்று அவரே கேட்டு எழுதிக்கொள்வார். பருப்பு, வெள்ளைச் சோறு, தயிர் கேட்டால் கிடைக்கும். சிங்கப்பூரிலிருந்து புறப்படும் கப்பல்களில் இந்தியப் பயணிகள் ஏராளம் என்பதால் பஃபேயில் இந்திய உணவுக்கு ஒரு பகுதி இருக்கும். ரசம் மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வாசலில் கையில் தெளிக்கும் திரவம், கப்பலில் பரவி வாந்தி பேதி வரவழைக்கும் நோரோ வைரஸுக்குப் போதாது.

குமட்டலுக்கான மாத்திரையைக் குமட்டல் வந்த பிறகு போட்டுப் பயனில்லை, முன்னாலேயே போட வேண்டும். அவோமின் போன்றவை தூக்கம் வரவழைக்கும். பெரியவர்களுக்குத் தள்ளாட்டமும் வரலாம், ஆகவே ஊரிலேயே மருத்துவரைக் கேட்டு வாருங்கள். மாத்திரை வேண்டாம் என்பவர்கள் வெளித்தளத்தில் காற்றோட்டமாக உட்கார்ந்து தொடுவானத்தைப் பார்க்கட்டும். இஞ்சி மரப்பா இருந்தால் வாயில் போட்டுக்கொள்ளட்டும்.

கரை இறங்கும் நாட்கள்

பினாங்கு பெரியவர்களுக்கென்றே அமைந்த துறைமுகம். ஸ்வெட்டன்ஹாம் துறையில் இறங்கினால் ஜார்ஜ்டவுன் ஊருக்குள்ளேயே நிற்கிறீர்கள். கப்பல் ஏற்பாடு செய்யும் சுற்றுலாவுக்குப் பணம் கட்டவே வேண்டாம். விக்டோரியா மகாராணியின் அறுபதாம் ஆட்சியாண்டுக்காக அறுபது அடி உயரத்தில் கட்டிய மணிக்கூண்டு எதிரிலேயே இருக்கிறது. குயின் தெருவில் 1833-ல் எழுந்த மகாமாரியம்மன் கோயில். அதிலிருந்து கொஞ்ச தூரத்தில் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். நடுவில் லிட்டில் இந்தியா, அங்கே ஒரு ஃபில்டர் காபி. நடக்க முடியாவிட்டால் ஊருக்குள் சுற்றும் இலவசப் பேருந்து உண்டு. கோயிலை முதலில் பாருங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள்.

அந்தத் துறையில் நின்றபோது அப்பா வெகுநேரம் நகரவில்லை. 1926-ல் கட்டிய ரஜூலா கப்பலில் என் தாத்தா நாகப்பட்டினத்தில் ஏறி, தளத்தில் பாய் விரித்துப் படுத்து, இதே பினாங்கைத் தாண்டித்தான் சிங்கப்பூர் வந்தார். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கதை இருக்கலாம், கிளம்பும் முன் கேட்டு வையுங்கள்.

புக்கெட் வேறு மாதிரி. பல கப்பல்கள் படோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரமிட்டு, சின்னப் படகில் ஆட்களை இறக்கும். படகு ஏறி இறங்கும், நீங்கள் சரியான நொடியில் கால் வைக்க வேண்டும். முழங்கால் வலிக்காரர்களுக்கு இது வேண்டாத வேலை. அன்றைக்கு அப்பா அம்மாவைக் கப்பலிலேயே விடுங்கள். பாதிக் கப்பல் காலி. நீச்சல்குளத்தில் கூட்டம் இல்லை, வெந்நீர்த் தொட்டி அவர்களுக்கே. முழங்கால் வெந்நீரில் இருந்தால் அப்பா சுற்றுலாவே கேட்பதில்லை.

இறங்குகிறவர்கள் கடிகாரத்தைக் கவனியுங்கள். தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி பின்னால். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடினால், கைப்பேசி தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறி நான்கு காட்டும்போது கப்பலில் ஐந்து. கடைசிப் படகு போயிருக்கும். கப்பல் நேரத்தைக் காட்டும் கைக்கடிகாரம் ஒன்று கட்டிக்கொள்ளுங்கள். கப்பல் நடத்தும் சுற்றுலாவில் போனவர்கள் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், தனியே போனவர்களுக்காக நிற்காது. கடலுக்கு வந்ததும் கைப்பேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள், கப்பலின் செல் சேவையில் ரோமிங் கட்டணம் தலை சுற்றும்.

கடைசி இரவு

இரவு பெட்டியை அறை வாசலில் வைத்துவிட்டால் காலையில் முனையத்தில் கிடைக்கும். மறுநாள் உடுத்தும் துணி, செருப்பு, காலை மாத்திரை, பல்செட் இவை வெளியே இருக்கின்றனவா என்று பெற்றோர் அறையில் நீங்களே நின்று பாருங்கள். என் அத்தை ஒருவர் எல்லாப் புடவையையும் பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டு, இரவு உடையோடு சிங்கப்பூர் குடிநுழைவில் நின்றார்.

கணக்கையும் அன்றிரவே தொலைக்காட்சியிலோ செயலியிலோ பார்த்துவிடுங்கள். குடிக்காத பானத்துக்குப் பணம் ஏறியிருந்தால் பத்து மணிக்குள் சொல்லுங்கள், காலையில் அந்த வரிசை வளைந்து வளைந்து போகும். சக்கர நாற்காலி கேட்டவர்களுக்கு எந்தத் தளத்தில், எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று சீட்டு வரும். அதை அப்பாவின் சட்டைப் பையில் வையுங்கள். மற்றவர்கள் அடித்துப்பிடித்து இறங்கட்டும், நீங்கள் இன்னொரு காபி குடிக்கலாம். முனையத்து டாக்சி வரிசை ஒன்பதரைக்கு மேல்தான் குறைகிறது.