பிள்ளை தூக்கும் அம்மாக்களுக்கு: குறுக்கில் தொடங்கிக் காலுக்கு இறங்கும் வலி

இரண்டாவதாகப் பிறந்த பையனுக்கு மூன்று மாதம் இருக்கும். தூரியிலிருந்து அவனைத் தூக்கிக்கொண்டே திரும்பினேன், சப்பையில் (புட்டத்தில்) சுரீரென்று ஒரு இழுப்பு, அது தொடையின் பின்பக்கமாகவே ஓடிக் கெண்டைக்கால் வரைக்கும் போனது. பிள்ளையைக் கட்டிலில் போட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அமுச்சி வந்து பார்த்துவிட்டு, "வாயுப் பிடிப்புதான் அம்மணி, பூண்டு தின்னாச் சரியாப் போயிரும்" என்றார்கள். நானும் ஒரு வாரம் தின்றேன். அது வாயு இல்லை, சயாட்டிகா, அதாவது சயாட்டிக் நரம்பு அழுத்தப்படுவதால் வருகிற வலி.

முதுகெலும்பின் அடிப்பகுதியிலிருந்து ஐந்து வேர்களாகக் கிளம்பி, ஒன்றாகச் சேர்ந்து, சப்பைச் சதைக்கு அடியில் புகுந்து காலுக்கு இறங்குகிற நரம்பு அது. உடம்பிலேயே தடிமனான நரம்பு. முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டு (டிஸ்க்) பிதுங்கியோ, சப்பைச் சதை இறுகியோ அதை எங்கே அழுத்தினாலும் வலி காலில்தான் தெரியும். கர்ப்பத்தில் ரிலாக்சின் என்ற ஹார்மோன் இடுப்பு மூட்டுகளைப் பிடித்திருக்கும் தசைநார்களைத் தளர்த்திவிடுகிறது, வயிற்றுச் சதையும் விரிந்து வலுவிழந்து கிடக்கிறது. பிரசவம் முடிந்த மறுநாளே இதெல்லாம் பழையபடி ஆகிவிடாது, மாதக்கணக்காகும். அதற்குள் நாம் பிள்ளையை ஒரு பக்க இடுப்பிலேயே வைத்துக்கொண்டு, மறுகையால் குழம்பைக் கிண்ட ஆரம்பித்துவிடுகிறோம். ஒரு வயதுப் பிள்ளை ஒன்பது பத்து கிலோ இருக்கும். ஒரு நாளைக்கு அதை எத்தனை தடவை தூக்குகிறோம் என்று எண்ணிப் பாருங்கள்.

சிசேரியனுக்கு முதுகில் போட்ட ஊசியால்தான் இந்த வலி என்று சொல்லாத ஆள் இல்லை. ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கலாம். மாதங்கள் கழித்துக் காலுக்கு இறங்குகிற வலிக்கு அந்த ஊசி காரணமில்லை.

வைத்தியத்துக்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். சிறுநீர், மலம் அடக்க முடியவில்லை அல்லது வரவேயில்லை, தொடைகளுக்கு நடுவே உட்காரும் இடம் மரத்துப்போகிறது, பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு தரையில் இழுபடுகிறது, இரண்டு காலும் ஒட்டுக்கா பலமிழக்கிறது: இதில் எது வந்தாலும் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், வண்டி இல்லையென்றால் 108. இன்னொன்று, பிரசவமான முதல் சில வாரங்களில் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, சிவந்து வலித்தால் அது ரத்தக்கட்டியாக இருக்கலாம். அந்தக் காலைத் தேய்க்கவே கூடாது, உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ சேர்ந்து வந்தால் ஒரு நிமிடமும் யோசிக்காதீர்கள்.

அதெல்லாம் இல்லையென்றால் பயப்பட வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் ஆபரேஷன் இல்லாமலே குறைந்துவிடும். ஆனால் படுத்தே கிடந்தால் குறையாது. எனக்கு மாத்திரையை விடப் பிள்ளையைத் தூக்குகிற விதத்தை மாற்றியதுதான் அதிகம் உதவியது.

தொட்டிலில் இருந்து எடுக்கும்போது நின்றபடி குனியாதீர்கள். ஒரு காலை முட்டி போட்டு இன்னொரு காலை முன்னால் ஊன்றி, பிள்ளையை முதலில் நெஞ்சோடு சேர்த்து அணைத்து, மூச்சை வெளியே விட்டுக்கொண்டே காலால் எழுந்திருங்கள். திரும்ப வேண்டுமானால் இடுப்பைத் திருகாமல் பாதத்தை எடுத்து வைத்துத் திரும்புங்கள். எனக்கு வலி வந்ததே தூக்குவதையும் திரும்புவதையும் ஒரே நேரத்தில் செய்ததால்தான். இடுப்பில் வைப்பதை விட, இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேராக வைத்துக்கொள்வது நல்லது. இடுப்பில் வைத்தே ஆகவேண்டும் என்றால் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள். மூத்தவள் "தூக்கு" என்று கையை நீட்டினால் நான் கட்டிலில் உட்கார்ந்துகொள்வேன், அவளே மடியில் ஏறிக்கொள்வாள். இரண்டு நாள் அழுதாள், அப்புறம் பழகிவிட்டது.

அடுத்து, குளிப்பாட்டுவது. வெந்நீர்ப் போசியைப் பக்கத்தில் வைத்து, இரண்டு காலையும் நேராக நீட்டி, பிள்ளையை அதன் மேல் போட்டுக் குனிந்து தேய்க்கிறோம் இல்லையா? காலை நீட்டி முதுகை வளைத்துத் தலையைக் கவிழ்த்தால் அந்த நரம்பு முழு நீளத்துக்கும் இழுபடும். சயாட்டிகா இருக்கிறதா என்று பரிசோதிக்கவே டாக்டர்கள் ஏறக்குறைய இப்படித்தான் உட்காரவைத்துப் பார்க்கிறார்கள். வலி உள்ள அம்மா அதைத் தினமும் கால் மணி நேரம் செய்தால் என்ன ஆகும்? வீட்டில் குறுக்கு நன்றாக இருக்கிற யாராவது குளிப்பாட்டட்டும். ஆள் இல்லையென்றால் துவைக்கிற கல்லின் மேல் ஆடாமல் அகல பேசினை வைத்து நின்றபடியே குளிப்பாட்டலாம், ஒரு கை எப்போதும் பிள்ளை மேல் இருக்க வேண்டும்.

பால் கொடுக்கும்போது நாம் பிள்ளையிடம் குனியக்கூடாது, பிள்ளைதான் நம்மிடம் வர வேண்டும். முதுகைச் சுவரில் சாய்த்து, மடியில் தலையணை வைத்து உயர்த்திக்கொள்ளுங்கள். ராத்திரி பக்கவாட்டில் படுக்கும்போது இரண்டு முட்டிக்கும் நடுவே ஒரு தலையணை.

பயிற்சி என்றால் இரண்டு போதும். மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி, குறுக்கைத் தரையோடு அழுத்தி ஐந்து நொடி பிடித்து விடுங்கள், பத்து தடவை. அப்புறம் அதே நிலையில், வலிக்கிற காலின் கணுக்காலை மறு முட்டி மேல் போட்டு, அடியில் இருக்கும் தொடையை நெஞ்சுப் பக்கம் மெதுவாக இழுத்து இருபது நொடி, மூன்று தடவை. சிசேரியன் என்றால் டாக்டர் சரி சொன்ன பிறகு. செய்யும்போது வலி பாதத்திலிருந்து விலகி முதுகுப் பக்கம் ஏறினால் நல்ல அறிகுறி, இன்னும் கீழே இறங்கினால் நிறுத்திவிடுங்கள். நின்றுகொண்டு கால் விரலைத் தொடுவது வேண்டாம். பத்து பத்து நிமிடமாக நடப்பது ரொம்ப உதவும்.

வெந்நீர் ஒத்தடம் பதினைந்து நிமிடம் சுகமாக இருக்கும், தையல் போட்ட இடத்தில் மட்டும் படக்கூடாது. எண்ணெய் இதமாகத் தேய்க்கலாம், ஆனால் "நரம்பை எடுத்துவிடறேன்" என்று சப்பையில் முழங்கையை வைத்து அழுத்தவோ மிதிக்கவோ விடாதீர்கள். வேட்டி வைத்து வயிறு கட்டுவதானால் மூச்சுத் தாராளமாக விடுகிற அளவுக்குத்தான். மலச்சிக்கலை விட்டுவிடாதீர்கள், முக்கினால் வலி காலுக்குப் பாயும். தண்ணீரும் கீரையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

மாத்திரைக்கு, பால் கொடுக்கிறேன் என்று சொல்லியே கேளுங்கள். பாராசிட்டமால் பொதுவாகக் கொடுக்கிறார்கள், ஐபுபுரூஃபன் அல்சர், ஆஸ்துமா, கிட்னிக் கோளாறு இருப்பவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது. மெடிக்கல் கடையில் பேப்பரில் மடித்துத் தருகிற கலவை மாத்திரையை மட்டும் வாங்காதீர்கள், அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, கேட்டால் டாக்டருக்கும் தெரியாது.

ஆறு வாரத்தில் குறையவில்லை, அல்லது ராத்திரி தூங்கவிடவில்லை என்றால் பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். கோவை, திருப்பூர், பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்குப் போகலாம். பச்சைப் பிள்ளையோடு டவுன் பஸ் ஏற முடியாதென்றால், 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழக அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்கிறார்கள். உங்களுக்குக் கிடைக்குமா என்று ஊர் நர்ஸம்மாவிடம் கேளுங்கள், தடுப்பூசிக்குப் போகும் நாளிலேயே கேட்டுவிடலாம்.